ஊட்டிக்கு சின்கோனா அனுப்பிய பாசி மனிதர்!

மழைக்காலம் வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் கேட்கிற குரல் ஒன்று உண்டு. "பாத்து நட, பாசி வழுக்கும்!" துவைக்கிற கல்லோ, மாடிப்படியோ, கிணற்றடியோ... எங்கே பச்சை படிந்தாலும் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் கிளம்பிவிடும். பரபரவென்று தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி.

அந்தப் பச்சையின் மேல் தீராத ஆசை வைத்து, அமேசான் காட்டிலும் ஆண்டிஸ் மலையிலும் 15 ஆண்டுகள் அலைந்து, கடைசியில் உடம்பைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் இருந்தார். பெயர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ். இங்கிலாந்துக்காரர். நம் நீலகிரிக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஆனால், அவர் நீலகிரியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

கதைக்குள் போகும் முன் பாசியைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழில் நாம் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். குளத்து நீரில் வழவழவென்று மிதப்பது ஒரு ரகம், அது ஆல்கா. சுவரிலும் மரப்பட்டையிலும் பச்சை வெல்வெட் விரித்ததுபோல் மெத்தென்று படர்வது வேறு, அது மாஸ். மாஸுக்கு நெருங்கிய சொந்தம் லிவர்வொர்ட். அதில் சில வகைகள் ஈரல் துண்டு மாதிரித் தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் அந்தப் பெயர். தமிழில் ஈரல்பாசி என்று வைத்துக்கொள்ளலாம். பிளஸ் ஒன்னில் ரிக்சியா, மார்க்கான்ஷியா என்று படம் வரைந்து பாகம் குறித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த இரண்டுக்கும் பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. உண்மையான வேர்கூடக் கிடையாது. உடம்பு முழுவதாலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தூசு போன்ற நுண்ணிய வித்துகளால் பரவும். அந்த வித்து உண்டாவதற்கு முன்னால், ஆண் அணு நீரில் நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேர வேண்டும். மழையும் ஈரமும் இல்லையென்றால் இவற்றுக்கு வம்சவிருத்தி இல்லை.

ஸ்ப்ரூஸுக்கு மாஸ் பிடிக்கும். ஈரல்பாசியோ உயிர். அதிலும் தட்டையான வகை அல்ல. இலைகளோடு இருக்கும் மிகச் சிறிய வகை. வெறும் கண்ணுக்கு அது பட்டையில் படிந்த அழுக்குக் கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சை நூலில் வரிசையாகச் செதில் கோத்ததுபோல் இருக்கும். மழைக்காடுகளில் இதன் சில வகைகள் மரத்தில்கூட ஏறாது. மரத்து இலையின் மேலேயே குடித்தனம் நடத்தும். ஓர் இலைக்கு மேல் இன்னொரு குட்டிக் காடு.

1817-ல் யார்க்‌ஷயர் பகுதியில் கேந்தோர்ப் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஸ்ப்ரூஸ். அப்பா பள்ளி ஆசிரியர். பையன் 16 வயதிலேயே ஊரைச் சுற்றியிருந்த செடி கொடிகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டான். 403 வகை! வளர்ந்ததும் யார்க் நகரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனார். நெஞ்சு பலவீனம், ஓயாத தலைவலி என்று அப்போதே உடம்பு ஒத்துழைக்கவில்லை. வகுப்பறையை விட வெட்டவெளியில்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது என்று சொல்லலாம். 1844-ல் அந்தப் பள்ளியே மூடப்பட்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாசி படிப்பது பெரிய பண்டிதர்களின் வேலை மட்டும் அல்ல என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம். வடக்குப் பகுதியில் நெசவாளிகளும் கொல்லர்களும் செருப்புத் தைப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமையானால் செடி பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். மதுக்கடை மேசையில் செடிகளைக் கொட்டிவைத்து, இது இன்னது, அது இன்னது என்று பெயர் சொல்லிக்கொள்வார்கள். பூச்செடியைப் பார்க்க வசந்தம் வர வேண்டும். பாசிக்கு அது தேவையில்லை. குளிர்காலத்திலும் கிடைக்கும், கைக்குள் அடங்கும், ஒரு லென்ஸ் இருந்தால் போதும். டாட்மார்டன் ஊரின் பஞ்சாலைத் தொழிலாளி ஜான் நோவெல் இப்படித்தான் பாசியில் நிபுணர் ஆனார். நோவெல்லியா என்று ஓர் ஈரல்பாசிக்கே அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் வில்லியம் மிட்டன். அவரும் பேராசிரியர் இல்லை. ஹர்ஸ்ட்பியர்பாயின்ட் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்தியவர். இந்த மிட்டன் பிறகு ஒரு கல்யாணக் கதையில் வருவார்.

ஸ்ப்ரூஸ் இந்தக் கூட்டத்தின் ஆள். 1845-ல் டீஸ்டேல் பள்ளத்தாக்குக்குப் போனார். அதற்கு முன் வெளிவந்திருந்த யார்க்‌ஷயர் தாவர நூலில், அந்தப் பள்ளத்தாக்கில் காணப்பட்டதாகச் சொல்லியிருந்த மாஸ் வகைகள் வெறும் நான்கு. ஸ்ப்ரூஸ் கொண்டுவந்த பட்டியலில் 167 மாஸ்கள், 41 ஈரல்பாசிகள். பாசி அங்கே அவருக்கு முன்பும் இருந்ததுதான். குனிந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடுத்து பிரனீஸ் மலை. அங்கேயும் இதே கதை. பெயர் பரவியது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் வில்லியம் ஹூக்கரும், தாவரவியல் மேதை ஜார்ஜ் பெந்தமும் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். "அமேசானுக்குப் போ. காயவைத்த செடிகளை அனுப்பு. நாங்கள் பிரித்துச் சந்தாதாரர்களுக்கு செட் செட்டாக விற்றுப் பணம் அனுப்புகிறோம்." நெஞ்சு பலவீனமான மனிதருக்கு இது நல்ல யோசனையா? அம்மா, அப்பா யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் 1849 ஜூனில் லிவர்பூலில் கப்பல் ஏறிவிட்டார். வயது 31.

காசு கொடுத்தவர்கள் கேட்டது பூக்கும் செடிகளை, மரங்களை. அவற்றை ஆயிரக்கணக்கில் ஒழுங்காக அனுப்பினார். அது பிழைப்பு. அதற்கு நடுவே, யாரும் கேட்காத பாசியைக் காகிதத்தில் மடித்து மடித்துத் தனக்கென்று சேர்த்தார். அது ஆசை. பிழைப்பு ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் இழுக்கிற கதை நமக்கொன்றும் புதிதில்லையே.

அமேசானில் அவர் பட்டதையெல்லாம் சொன்னால் வாரக்கணக்கில் தொடராகப் போகும். எறும்பு, ஈரம், பூஞ்சை. காயவைத்த செடி காய்வதற்குள் மறுபடி நனையும். சான்டரெம் ஊரில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அறிமுகமானார். ஆமாம், பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்தான். இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். ரியோ நீக்ரோ ஆற்றுப் பக்கம் வாலஸ் காய்ச்சலில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது, போய்ப் பார்த்தவர் ஸ்ப்ரூஸ்.

1854-ல் அவர் முறை வந்தது. ஓரினோகோ ஆற்றங்கரையில் மைப்பூரெஸ் என்ற இடத்தில் கடும் காய்ச்சல். வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அந்த அம்மாளோ, இந்த ஆள் செத்தால் இவர் பணத்தில் இழவு விருந்து நடத்தலாம் என்று அவர் காது படவே பேசிக்கொண்டிருந்தாராம். எப்படியோ பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததற்கும் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

அமேசான் சமவெளி பாசிக்காரருக்கு உண்மையில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அங்கே வெப்பம் அதிகம், மாஸ் குறைவு. மலை ஏற ஏறத்தான் பாசி கூடும். அதனால் மேற்கே ஆண்டிஸை நோக்கி நகர்ந்துகொண்டே போனார். பெரு நாட்டின் தரப்போட்டோவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பிறகு 1857-ல் எக்வடோரின் கனேலோஸ் காட்டு வழியாக மலை மேல் இருக்கும் பான்யோஸ் ஊருக்கு நடைப்பயணம்.

அந்தப் பயணத்தில் ஓயாத மழை. சேற்றில் முழங்கால் புதைகிறது. சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. டோப்போ என்ற காட்டாறு குறுக்கே வெள்ளமாகப் பாய்ந்து வழியை மறித்துவிட்டது. தண்ணீர் வடியும் என்று காத்திருந்து பார்த்து, கடைசியில் மூங்கிலைக் கட்டிப் பாலம் போட்டார்கள். ஆள் கடக்கலாம், பெரிய சுமை கடக்காது. பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

காத்திருந்த வேளையில் மனுஷன் என்ன செய்தார்? சுற்றிலும் பார்த்தார். அவர் வாழ்நாளில் கண்டதிலேயே பாசி அதிகம் அடர்ந்த காடு அது. கொப்பு, கிளை, நுனி, இலை எதையும் விடாமல் பாசி மூடியிருந்தது. ஆற்றுக்கு மேல் நீண்ட கிளைகளிலிருந்து மாலை மாலையாக அடிக்கணக்கில் தொங்கியது. பசியும் பயமுமாக நின்ற நேரத்தில், ஒரு சாதாரணப் பாசியைப் பார்த்துக்கொண்டே கவலையெல்லாம் மறந்துபோனதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பிறகு எழுதியிருக்கிறார். வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்தால் தலைதூக்கும் புதர்க் கிளைகளில் அங்கே ஓர் ஈரல்பாசி வளர்ந்திருந்தது. அதுவரை யாருமே பார்த்திராத வகை. காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் காகிதப் பொட்டலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்வடோரில் அம்பாட்டோ ஊரில் தங்கியிருந்தபோது, 1859 இறுதியில் லண்டனிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அனுப்பியது இந்திய விவகாரத்தைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அமைச்சகம்.

மலேரியாவுக்கு அன்று உலகத்தில் இருந்த ஒரே நம்பகமான மருந்து குவினைன். அது சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அந்த மரத்தின் தாயகம் ஆண்டிஸ் மலை. இந்தியாவில் சிப்பாய்களும் அதிகாரிகளும் மக்களும் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரத்தை இந்தியாவில் வளர்த்துவிட வேண்டும் என்பது திட்டம். கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி பொறுப்பு. இடமாக முதலில் தேர்வானது நீலகிரி. சிவப்புப் பட்டை சின்கோனாவின் விதையையும் கன்றையும் சேகரித்து அனுப்பும் வேலை ஸ்ப்ரூஸுக்கு வந்தது.

ஒப்புக்கொண்டார். ஏற்பாடுகளில் இருந்தபோதே, 1860 ஏப்ரல் இறுதியில் ஒருநாள் காலை கண் விழித்தபோது முதுகும் கால்களும் அசையவில்லை. அன்றோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது, வலியில்லாமல் நடந்தது எல்லாம் முடிந்துபோயிற்று. அப்போது வயது 42.

வேறு யாராக இருந்தாலும் கடிதம் எழுதி விலகியிருப்பார்கள். இவரோ ஜூன் மாதத்தில் குதிரை மேல் ஏறி, சிம்பராஸோ எரிமலையின் தோளைத் தாண்டி, மேற்குச் சரிவில் லிமோன் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எக்வடோரில் அப்போது உள்நாட்டுப் போர் வேறு. காட்டின் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து விதை எடுக்க அனுமதி வாங்கினார். கியூ பூங்காவிலிருந்து ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் துணைக்கு வந்தார். விதை முற்றி வெடிக்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, சுமார் 1,00,000 விதைகள் சேர்த்தார்கள். கிராஸ் குச்சி நட்டு, வேர் பிடிக்க வைத்து, 600-க்கும் மேற்பட்ட கன்றுகளைத் தேற்றினார். கண்ணாடிப் பெட்டிகளில் கன்றுகளை வைத்து, தெப்பத்தில் ஏற்றி, ஆற்று வழியே குயாகுவில் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் தெப்பம் வெள்ளத்தில் கட்டுக்கு அடங்காமல் கரை மரங்களில் மோதிப் பெட்டிகள் நொறுங்கின. கன்றுகள் தப்பின. 1861 ஜனவரி தொடக்கத்தில் அவை கப்பல் ஏறின.

கிராஸ் கன்றுகளோடு கிளம்பினார். ஸ்ப்ரூஸ் கரையில் நின்றுவிட்டார். கன்றுகள் பனாமா, இங்கிலாந்து, எகிப்து என்று பாதி உலகத்தைச் சுற்றி, 1861 ஏப்ரலில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தபோது 450-க்கும் மேற்பட்டவை உயிரோடு இருந்தன.

ஊட்டியில் அவற்றை வாங்கிக்கொண்டவர் யார் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம். அரசுப் பூங்காக் கண்காணிப்பாளர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். இன்றைக்கும் ஊட்டி போகிற குடும்பமெல்லாம் புல்வெளியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர். ஸ்காட்லாந்துக்காரர், கியூவில் பயிற்சி பெற்று 1848-ல் ஊட்டிக்கு வந்தவர். வருவதற்கு முந்தைய ஆண்டு, 1847-ல், ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். எதைப் பற்றி? பிரிட்டனின் ஈரல்பாசிகளைப் பற்றி! காயவைத்த ஈரல்பாசிகளைப் பெயரோடு ஒட்டி, சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் அளவில் செய்த தொகுப்பு அது.

உலகத்தில் ஈரல்பாசியை விரும்பிப் படித்தவர்கள் அன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்திருப்பார்கள். ஆண்டிஸ் மலையில் கன்றைக் கொடுத்த கையும் நீலகிரியில் வாங்கிய கையும், இரண்டுமே ஈரல்பாசி மடித்த கைகள்.

மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார். சிவப்புப் பட்டை நீலகிரியில் தளதளவென்று வந்தது. அடுத்த சிக்கல் பட்டை எடுப்பதில். மரத்தை வெட்டிப் பட்டை உரித்தால் மரம் போய்விடும். உயிரோடு உரித்தால் காயம் காய்ந்து மரம் சாகும். பாசிக்காரர் யோசித்தார். பட்டையை மேலிருந்து கீழாகப் பட்டைப் பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று உரித்தார். உரித்த காயத்தின் மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். நாம் புண்ணுக்கு மருந்து வைத்துத் துணி சுற்றுவதுபோல. ஈரம் காயாமல் இருந்ததால் அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அப்படி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது! மரத்துக்குப் பாசி கட்டும் இந்த முறை சின்கோனா வளர்த்த உலகமெங்கும் பேசப்பட்டது.

எதற்கும் உதவாது என்று நாம் தேய்த்துக் கழுவும் பாசி, மருந்து மரத்துக்கே மருத்துவம் பார்த்தது. 1876-ல் இறந்த மெக்ஐவர் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில்தான் உறங்குகிறார்.

இந்தக் கதையில் இனிப்பு மட்டும் இல்லை. ஆண்டிஸ் மக்களின் மரத்தை அடுத்த நாட்டு அரசு எடுத்துக்கொண்டு வந்து தன் தோட்டத்தில் நட்டது. அந்த மரத்தைப் பல தலைமுறைகளாக அறிந்திருந்தவர்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. இன்று இப்படிச் செய்தால் திருட்டு என்றே பெயர் வைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, சிவப்புப் பட்டையில் குவினைன் அளவு குறைவு. அதோடு சேர்ந்து வரும் மற்ற சத்துகள்தான் அதிகம். அவையும் காய்ச்சலைக் கேட்கும் என்று மதராஸில் அமைத்த மருத்துவக் குழு சோதித்துச் சொன்னது. மலிவான காய்ச்சல் மருந்து கிடைத்தது. ஆனால், குவினைன் வியாபாரத்தில் ஜாவாவில் டச்சுக்காரர்கள் வளர்த்த வேறு ரகம்தான் பிறகு கொடி கட்டியது. நடுவட்டத்தில் பழைய சின்கோனா மரங்கள் இன்னும் நிற்கின்றன. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. இப்போது அங்கெல்லாம் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைதான்.

ஸ்ப்ரூஸ் என்ன ஆனார்? அதே 1861-ல் அவர் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த குயாகுவில் வணிக நிறுவனம் திவாலாயிற்று. 12 ஆண்டு உழைப்பில் சேர்த்ததில் பெரும்பகுதி போய்விட்டது. உடம்பும் போய், காசும் போய், கடற்கரையோரமாக வெப்பத்தில் உடம்பு தேறுமா என்று பார்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் கிடந்தார். 1864-ல் இங்கிலாந்து திரும்பினார்.

முதலில் தங்கியது, மருந்துக்கடைக்காரர் மிட்டன் வாழ்ந்த ஹர்ஸ்ட்பியர்பாயின்ட்டில். ஸ்ப்ரூஸ் கொண்டுவந்த மாஸ்களை மிட்டன் ஆராய்ந்து 1869-ல் தென் அமெரிக்க மாஸ்கள் பற்றிப் பெரிய நூலாக வெளியிட்டார். நண்பரைப் பார்க்க வாலஸ் அந்த ஊருக்கு வந்தார். மிட்டன் வீட்டுக்கும் போனார். 1866-ல் மிட்டனின் மகள் ஆனியை வாலஸ் கல்யாணம் செய்துகொண்டார். பாசி சேர்த்துவைத்த கல்யாணம்.

ஸ்ப்ரூஸ் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. பிறந்த ஊர்ப் பக்கமே போய்விட்டார். கடைசி 17 ஆண்டுகள் கோனிஸ்தோர்ப் கிராமத்தில் ஒரு குட்டி வீடு. உட்காரும் அறை சுமார் 12 அடிச் சதுரம். அரசு 1865-ல் ஆண்டுக்கு 50 பவுண்டு பென்ஷன் கொடுத்தது. சின்கோனாவுக்காக இந்திய அரசு இன்னொரு 50 பவுண்டு கொடுக்க 1877 வரை ஆயிற்று. அதற்கும் மார்க்கம் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதி வாங்க வேண்டியிருந்தது. நம் ஊரில் பென்ஷன் ஃபைல் நகர்த்தியவர்களுக்கு இது புரியும்.

நிமிர்ந்து உட்கார முடியாது. சோபாவில் சாய்ந்தபடிதான் எல்லாம். மைக்ரோஸ்கோப் முன்னால் சில நிமிடங்கள் இருந்தாலே வலி பின்னி எடுத்துவிடும். பல நாள்கள் அதுவும் முடியாது.

ஆனால், பாசிக்கு ஒரு குணம் உண்டு. பூவைக் காயவைத்தால் நிறம் போகும், நசுங்கும், உதிரும். பாசியைக் காகிதத்தில் மடித்து வைத்தால் சுருங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். 20, 30 ஆண்டு கழித்து ஒரு துளி வெந்நீர் விட்டால், சுருங்கிய இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து, அன்று மரத்தில் எப்படி இருந்ததோ அந்த வடிவத்துக்கு வந்துவிடும். உயிர் வராது, உருவம் வந்துவிடும்.

ஸ்ப்ரூஸிடம் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றைப் பிரிப்பார். ஒரு துளி விடுவார். தரப்போட்டோ விரியும். இன்னொன்றைப் பிரித்தால் ரியோ நீக்ரோ. இன்னொன்றில் டோப்போ ஆறு. அறையைத் தாண்டி நடக்க முடியாத மனிதர் அமேசானையும் ஆண்டிஸையும் இரண்டாம் முறையாக, துளித் துளியாகக் கடந்துகொண்டிருந்தார். 1884-லும் 1885-லுமாக எடின்பரோ தாவரவியல் சங்கத்தின் இதழில் அது நூலாக வெளிவந்தது. அமேசான், ஆண்டிஸ் ஈரல்பாசிகள் பற்றி ஏறக்குறைய 600 பக்கம், 700-க்கும் மேற்பட்ட வகைகள், அதில் சுமார் 400 உலகத்துக்குப் புதியவை. ஈரல்பாசி ஆராய்கிறவர்கள் இன்றும் கையில் எடுக்கும் நூல்.

நூல் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 1873-ல், மருந்துச் செடிகளின் நிபுணரான டேனியல் ஹேன்பரிக்கு ஸ்ப்ரூஸ் ஒரு கடிதம் எழுதினார். ஈரல்பாசியால் மனிதருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு அதில் அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: இதுவரை அதிலிருந்து போதை தருகிற சரக்கு எதுவும் கிடைக்கவில்லை, வாந்தி எடுக்க வைக்கும் மருந்தும் கிடைக்கவில்லை, தின்னவும் ஆகாது, மனிதன் தன் உபயோகத்துக்கு அதைப் பாடாய்ப் படுத்த முடியாவிட்டால் என்ன, அது இருக்கிற இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது, தனக்குத் தானே உபயோகமாகவும் அழகாகவும் இருக்கிறது. செடியை இடித்துப் பொடியாக்கி மருந்துக்கடை உரலுக்குக் கொண்டுபோய்விட்டால், தனக்கு அதில் ஆர்வமே போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதை எழுதியது யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலில் செத்துப் பிழைத்தவர். மருந்துமரத்துக்காகவே தன் காலைக் கொடுத்தவர். மருந்தின் அருமை தெரியாதவர் இல்லை. தெரிந்துதான், செடி மருந்தாக மட்டும் இருக்கத் தேவையில்லை என்றார்.

1893 டிசம்பர் 28-ல், 76-வது வயதில், இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலில் இறந்தார். டெரிங்டன் கிராமத்தில் அடக்கம். பயணக் குறிப்புகளைத் தொகுத்து 1908-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டது, அப்போது 85 வயதான நண்பர் வாலஸ்.

டோப்போ ஆற்றங்கரைப் பொட்டலம்? அதற்கு ஸ்ப்ரூஸ் மிரியோகோலியா இர்ரோரேட்டா என்று பெயர் வைத்தார். இர்ரோரேட்டா என்றால் லத்தீனில் பனித்துளி தெளித்தது என்று அர்த்தம். அவருக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் அதை யாருமே உயிரோடு பார்க்கவில்லை. அழிந்தே போயிருக்கும் என்று நினைத்தார்கள். 2002-ல் தாவரவியலாளர்கள் ஸ்ப்ரூஸின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதே டோப்போ ஆற்றுக்குப் போனார்கள். வெள்ளம் வந்தால் மூழ்கும் புதர்க் கிளைகளில் தேடினார்கள். இருந்தது. 145 ஆண்டுகள் கழித்து, அதே ஆற்றங்கரையில். அங்கே நீர்மின் திட்டம் வந்து ஆற்றின் போக்கு மாறினால் அதற்கு ஆபத்து என்று அவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அந்தப் பாசிக்கு வெள்ளமும் வேண்டும், வடிவதும் வேண்டும்.